அக்கா பிடித்திருந்த கிளட்ச்

நம் வகுப்புத் தோழிகள் குழுவில் போன வாரம் ஒருத்தி, ஆளுக்கொரு கோடை விடுமுறையைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தாள். நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். மிளகாய்த்தூள் தடவிய மாங்காய், தேரடியில் குடித்த கோலி சோடா, எண்ணூர் ரயிலில் ஜன்னலோர இடத்துக்குப் போட்ட சண்டை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு கோடை இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடமாட்டேன் என்கிறது. வயதுதான் காரணம் என்று என் மகள் நினைக்கிறாள். கோபம்தான் காரணம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆறவில்லை.

உங்களில் சிலருக்கு என் அக்காவைத் தெரியும். காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வந்து உங்கள் வீட்டு வாசலில் மீன் போட்டவள். அவளைப் பற்றி ஊரில் சொன்ன கதையும் உங்கள் காதில் விழுந்திருக்கும். திருட்டுத்தனமாக அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்து, பெற்ற தாயின் காலை நசுக்கினவள் என்று. அந்தக் கதை பொய். பொய்யென்று தெரிந்தே அதைச் சொன்னவர்கள் மூன்று பேர். அப்பா, மாமா, அப்புறம் நான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அக்கா பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. ஓட்டு வீடு, ஓர் அறை, ஒரு தாழ்வாரம். காற்று கடல் பக்கமிருந்து வந்தால் கருவாட்டு வாசனை, மணலி ஆலைகளின் பக்கமிருந்து வந்தால் தொண்டையைக் கமறும் ஒரு வாடை. அம்மா மீன் விற்றாள். விடியுமுன் ஏலத்துக்குப் போய், ஏழு மணிக்குள் திரும்பி, வாசலில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து வாடிக்கைக்காரர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுப்பாள். அப்பாவுக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வேலை.

அப்பாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மூன்று கை மாறி வந்த பழைய வண்டி, சிவப்புப் பெயின்ட் போன இடமெல்லாம் கறுப்பு அடித்தது. அது கிளம்பும்போது சந்து முழுக்க நீலப் புகை நிற்கும். பெட்ரோலில் கலக்கிற ஆயில் எரியும் அந்த வாசனை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றைக்கு அந்த மாதிரி வண்டிகள் இல்லை. எங்கேயாவது பழைய வண்டி ஒன்று புகைவிட்டுப் போனால் மட்டும் நான் நின்றுவிடுகிறேன்.

பாய்லர் ஏணியிலிருந்து விழுந்ததில் அப்பாவுக்கு வலது முட்டி கெட்டுப்போயிருந்தது. வண்டியை உதைத்துக் கிளப்புவது பெரும்பாடு. அதனால் அவரே அக்காவுக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் கிளட்ச்சைப் பிடித்து கியர் போடுவது, மெதுவாக ஊர்ந்து போகவிட்டு வண்டியைத் திருப்புவது, சந்து முனை வரை கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் கற்றுக்கொடுத்தார். தினமும் காலை அவர் டீ குடிக்கும் நேரத்தில் அக்கா வண்டியைக் கிளப்பித் தயாராக வைப்பாள். டீக்கடையில் நாலு பேரிடம் அவர் இதைப் பெருமையாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். மகன் இல்லையே என்று யாரோ இழுத்ததற்கு, என் பொண்ணு பத்துப் பையனுக்குச் சமம் என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஏப்ரலில் வண்டிக்குக் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறும், வண்டி வேகம் எடுக்காது. மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. விசைப்படகில் இன்ஜின் டிரைவர். குப்பத்தில் எந்த இன்ஜின் நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். அவர் காது வைத்துக் கேட்டாலே இன்ஜின் பயந்து ஓடும் என்று சொல்வார்கள். அந்த மாதம் அவருடைய படகு பலகை மாற்றுவதற்காகக் கரையேறிக் கிடந்தது, அதனால் சும்மா இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கு விரித்து கிளட்ச்சைப் பிரித்தார். சுற்றிலும் பத்து ஆண்கள். கிளட்ச் என்பது உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் வட்டத் தட்டுகள். ஒரு தக்கை ஒட்டின தட்டு, ஒரு இரும்புத் தட்டு என்று மாறி மாறி வரும். ஐந்து ஸ்பிரிங்குகள் அவற்றை ஒன்றாக அழுத்திப் பிடித்திருக்கும். கைப்பிடியை இழுத்தால், கியர் பெட்டியின் நடுவில் ஓடும் ஒரு கம்பி போய் அந்த அழுத்தத்தை விலக்கும். தட்டுகள் பிரிந்து நிற்கும், இன்ஜின் ஓடினாலும் சக்கரம் ஓடாது. இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அவள் மாமாவின் பக்கத்தில் குந்தி, ஸ்பானர் எடுத்துக் கொடுத்தபடி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பளைங்க வேலை செய்யும் இடத்தில் உனக்கென்ன என்று ஒருத்தர் சொன்னதும் எழுந்து உள்ளே போனாள். தக்கை தேய்ந்துவிட்டது என்று மாமா புதுத் தட்டு வாங்கிவந்து போட்டார். சாமான் கழுவின அழுக்கு மண்ணெண்ணெயை மணலில் கொட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மூடிவிட்டார்.

வண்டி நன்றாக இழுத்தது. ஆனால் வேறொரு கோளாறு வந்தது. கைப்பிடி தொளதொளவென்று ஆகிவிட்டது. கியர் போட்டால் இரும்பை இரும்பில் அடித்த சத்தம். ரயில்வே கேட்டில் கியரில் வைத்து நிறுத்தினால் வண்டி முன்னால் நகர்ந்து, உதறிவிட்டு, நின்றுவிடும். அப்பா இரண்டு முறை மாமாவிடம் சொன்னார்.

"புது தட்டு மாமா. பத்து நாளு ஓடிச்சின்னா தானா பழகிக்கும்" என்றார் மாமா.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அது நடந்தது.

அப்பாவுக்குக் காலை ஷிப்ட். உள்ளே டீ குடித்துக்கொண்டே வண்டியை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். அக்கா எடுத்தாள், உதைத்தாள், கிளப்பினாள். மணலில் சக்கரம் புதைந்திருந்ததால் தள்ள முடியவில்லை. ஏறி உட்கார்ந்து, அப்பா காட்டிக்கொடுத்தபடி கிளட்ச்சைப் பிடித்து, முதல் கியர் போட்டாள். அம்மா நாலடி முன்னால் வாசலில் குந்தி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். அக்காவின் இடது கை என் கண்ணுக்கு நேரே இருந்தது. நாலு விரலும் கைப்பிடியை முழுக்க இழுத்துப் பிடித்திருந்தன, விரல் கணுவெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அப்படிப் பிடித்திருக்கும்போதே வண்டி பாய்ந்தது.

அம்மா பக்கவாட்டில் சாய்ந்ததால் உயிர் தப்பினாள். இடது பாதத்தின் மேல் சக்கரம் ஏறி, வண்டியும் அக்காவும் அவள் மேலேயே சரிந்தார்கள். மீன் செதில் ஒட்டின மணலில் ரத்தம். அம்மா கத்தவே இல்லை. அக்காவைப் பார்த்து, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டாள்.

ரிக்‌ஷாவில் ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. சாயங்காலம் அப்பா திரும்பி வந்தபோது சந்தே எங்கள் வாசலில் நின்றது. பொட்டைப்பிள்ளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒரு பாட்டு. அவ்வளவு பேருக்கு நடுவில் அப்பா நிமிர்ந்து சொன்னார்.

"நான் எடுக்கச் சொல்லல. எனுக்குத் தெரியாம எடுத்துகினா."

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

மாமா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். நான்தானே பக்கத்தில் இருந்தவள். அவர் கை என் தோளை அழுத்தியது. "அவ கிளட்ச்ச வுட்டுட்டா, அதான வண்டி பாஞ்சிது? நீ பாத்த இல்ல?" என்று கேட்டார். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று இத்தனை வருஷம் எனக்கே விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சின்னப் பெண், பயம், பெரியவர்கள். எந்த விளக்கமும் என்னைக் காப்பாற்றவில்லை. மற்ற இரண்டு பேர் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் அந்தத் தலையாட்டின பெண் மேலும் இருக்கிறது.

அக்கா பெண்கள் பாலிடெக்னிக்குக்கு மனுப் போட்டிருந்தாள். மெக்கானிக்கல் படிக்க ஆசை. அந்த வாரம் நேர்காணலுக்கு வரச்சொல்லி அட்டை வந்தது. அப்பா அதை வாங்கிப் பீரோவின் மேல் வைத்தார். வண்டி ஓட்டிக் கிழித்தது போதும் என்றார். வண்டியையும் தார்ப்பாய் போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, ரயிலில் வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்து அம்மா முட்டி வரை மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டில் போட்டோம். அக்கா சமைத்தாள், அம்மாவைத் துடைத்துவிட்டாள், துணி துவைத்தாள். தெருப் பெண்கள் வந்து நலம் விசாரிக்கும் சாக்கில் அவள் காதுபடப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஒரு மத்தியானம், அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, அவள் தார்ப்பாயை விலக்கினாள். என்னைக் கூப்பிட்டு வண்டியின் நடு ஸ்டாண்டைப் போடச் சேர்ந்து இழுக்கச் சொன்னாள். பின் சக்கரம் தரையைவிட்டுத் தூக்கி நின்றது. இன்ஜினைக் கிளப்பாமலே கியர் போட்டாள். என்னைக் கிளட்ச்சைப் பிடிக்கச் சொன்னாள். தவறி விட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் இழுத்து, கைப்பிடி முட்டும் வரை பிடித்தேன்.

"வுடாத" என்று சொல்லிவிட்டுப் பின் சக்கரத்தைக் கையால் தள்ளினாள். அது சுற்றவில்லை. கல்லில் மாட்டியது போல நின்றது. மறுபடி தள்ளினாள். இம்மியளவு அசைந்து, இன்ஜினையும் சேர்த்து இழுத்தது.

கிளட்ச் முழுக்கப் பிடித்திருக்கிறது, சக்கரம் பிரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என் இரண்டு கையும் அந்தக் கைப்பிடியில் இருக்கும்போது புரிந்தது. அழுதுகொண்டே சொன்னேன், அன்றைக்கும் நீ பிடித்துத்தான் இருந்தாய், நான் பார்த்தேன், பொய் சொல்லிவிட்டேன் என்று. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள். "நான் வுடலன்னு எனுக்குத் தெரியாதா? ஏன் பாஞ்சிதுன்னுதான் தெரில. வா, தொறந்து பாக்கலாம்."

கேபிளை முதலில் பார்த்தாள். அறுபடவில்லை, உறையிலும் சிக்கலில்லை. கேபிளை இறுக்கும் திருகு கடைசி மரை வரை வெளியே வந்திருந்தது. இதற்கு மேல் இறுக்க முடியாது என்கிற அளவுக்கு மாமா திருகிவைத்திருந்தார். புதுத் தட்டு போட்ட வண்டிக்கு எதற்கு இவ்வளவு என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஆயிலை மண்சட்டியில் வடித்தோம். மூடியைக் கழற்றினோம். ஸ்பிரிங் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி போல ஒரு சின்னக் குப்பி, அதைத் தாங்க ஒரு ஊசி ஆணி. கரண்டிக் காம்பால் குப்பியை அழுத்திப் பிடித்தபடி ஆணியை உருவ வேண்டும். இரண்டாவது ஆணி தெறித்து மணலில் போனது. அம்மாவின் மாவு சல்லடையை எடுத்து வந்து வாசல் மணலைச் சலித்துக் கண்டுபிடித்தேன்.

உள்ளே கட்டிலில் அம்மாவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. தடுக்கவில்லை. "கழட்னத வரிசையா வை" என்று ஒரு முறை குரல் கொடுத்தாள். அவ்வளவுதான்.

தட்டுகளை எடுத்து ஈரச் சாக்கில் வரிசையாக வைத்தாள். அடுக்கில் தவறில்லை. தட்டு எதுவும் வளைந்திருக்கவில்லை. அப்புறம் என்னை அந்தப் பக்கம் நின்று வண்டியைச் சாய்க்கச் சொல்லி, கியர் தண்டின் ஓட்டைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். ஒரு சின்னக் கம்பி விழுந்தது. அதன் பின்னால் நீளக் கம்பி ஒன்று. ஒன்றை ஒன்று தள்ளும் இரண்டு கம்பிகள். அவள் அவற்றைத் துடைத்து, முனையை வெயிலில் காட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என்னிடம் கொடுத்தாள். இரண்டு கம்பியும் ஒன்றை ஒன்று முட்டும் முனைகளில் குட்டிக் கிண்ணம் போல ஒரு குழி, உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. குழியின் விளிம்பில் மட்டும் புதிதாகத் தேய்ந்த கீறல்.

"இங்க ரவுண்டா எதுவோ இருந்துகீது" என்றாள். "இப்ப அது இல்ல. அதான் கம்பி எட்டல."

அந்த இடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கும். பதினாறு வயதுப் பெண், பாடப் புத்தகம் இல்லை, சொல்லித்தர ஆளில்லை. தேய்ந்த இரும்பைப் பார்த்து, அங்கே இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

மறுநாள் கம்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். தெற்கத்தி அண்ணாச்சி கடை அது. சைக்கிள் சாமான், மோட்டார் சாமான், ஆணி, கயிறு எல்லாம் கிடைக்கும். அண்ணாச்சி கம்பி முனையைப் பார்த்த உடனே டப்பாவிலிருந்து பால்ரஸ் குண்டு ஒன்றை எடுத்து வைத்தார். கால் இஞ்சு எஃகு குண்டு. குழியில் அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

"கிளட்சுக் கம்பிக்கு நடுவுல போற குண்டுல்லா இது" என்றார். "தட்டு வாங்கிட்டுப் போன மறுநா உங்க மாமாவும் வந்து இதத்தான் கேட்டாவ. கழட்டும்போது எங்கனயோ உருண்டுட்டு போலுக்கு. அன்னைக்கு இந்த அளவு தீந்துபோச்சு. ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னேன். அவுக வரவே இல்ல."

அக்கா குண்டுக்குக் காசு கொடுத்தாள். கடைப் படியை விட்டு இறங்கி, சாலையோரத்தில் போய் நின்றாள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. குண்டை உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தாள். மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. குண்டு தொலைந்தது தெரியும், அது இல்லாமல் மூடியது தெரியும், கேபிளை இறுக்கி ஒப்பேற்றியது தெரியும். அப்பா இரண்டு முறை வந்து சொன்னபோதும் தெரியும். என் தோளை அழுத்தி, அவ கிளட்ச்சை விட்டுட்டாதானே என்று கேட்டபோதும் தெரியும்.

அன்று மத்தியானமே பூட்டினோம். நீளக் கம்பி, கிரீஸ் தடவின குண்டு, சின்னக் கம்பி. தக்கைத் தட்டுகளை ஆயிலில் ஊறவைத்துப் போட்டாள். ஸ்பிரிங் ஐந்தையும் ஒரே அளவாக அழுத்தி ஆணி கோத்தாள். மூடியை மாட்டி, ஆயில் ஊற்றி, கேபிள் திருகைப் பாதிக்கு மேல் உள்ளே விட்டாள். கைப்பிடியை நான் மறுபடி பிடித்தேன். இந்த முறை கனமாக இருந்தது. அக்கா ஒரு விரலால் பின் சக்கரத்தைத் தட்டினாள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் காத்திருந்தாள். ஞாயிறு மாமா சாப்பிட வருவார். அப்பாவும் இருப்பார். சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்து வீட்டு ஆண்கள் மூன்று நான்கு பேரும் இருந்தார்கள். அக்கா தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு வண்டியை நடுச் சந்துக்குத் தள்ளி வந்தாள். அப்பா எழுந்து கத்தினார். அவள் உதைத்தாள். முதல் உதையில் கிளம்பியது. கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போட்டாள். சத்தமே வரவில்லை. வண்டி நின்ற இடத்தில் நின்றது.

"மாமா, இப்டி வந்து சக்கரத்துக்கு முன்ன நில்லு" என்றாள்.

மாமா சிரித்தார். திமிரைப் பார்த்தியா என்று மற்றவர்களிடம் சொன்னார். அக்கா ஆக்ஸிலேட்டரைத் திருகினாள். இன்ஜின் உறுமியது. வண்டி அசையவில்லை.

"குண்டு போட்டு மூடிகீறேன். நீ தொலைச்ச குண்டு. இப்ப கிளட்ச் பிடிச்சா நிக்கும். வந்து நில்லு."

கடைக்கு நீ போய்க் கேட்டதை அண்ணாச்சி சொன்னார் என்றும் சொன்னாள். மாமாவின் முகம் மாறியதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர் எழுந்தார். ஒரு கணம் வந்து நிற்பார் என்றே நினைத்தேன். இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரம் ஒதுங்கினார். அப்பாவும் நின்ற இடத்திலேயே நின்றார்.

அப்போது தாழ்வாரத்துக் கதவு திறந்தது. அம்மா, மாவுக்கட்டுக் காலைத் தூக்கியபடி, சுவரைப் பிடித்துப் பிடித்து ஒற்றைக் காலில் வந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தாங்கினேன். மீன் ஆய உட்காரும் பலகையைப் போடச் சொன்னாள். எங்கே என்று கேட்டேன். முன் சக்கரத்தைக் காட்டினாள்.

"அவன் இன்னாத்துக்கு? நான் குந்தறேன்" என்றாள்.

சக்கரத்துக்கும் அவளுக்கும் ஒரு சாண் இருக்கும். மாவுக்கட்டுக் காலை நீட்டி டயருக்குக் கீழேயே வைத்தாள். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, கைப்பிடியைப் பிடித்த விரல்கள் மட்டும் அசையவில்லை. அம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, "நல்லா முறுக்கு" என்றாள். அக்கா முறுக்கினாள். அந்த இரைச்சலில் அம்மாவின் முந்தானை அதிர்ந்தது. வண்டி நின்றது. நான் எண்ணவில்லை, ஆனால் ரொம்ப நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அக்கா நியூட்ரல் போட்டு இன்ஜினை அணைத்தாள்.

அந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். உண்மை வெளியே வந்துவிட்டது, ஊர் பார்த்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் நம்பினாள். நான் இதை எழுதுவதே அதற்கப்புறம் நடந்ததற்காகத்தான்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி அம்மா அப்பாவிடம் நேர்காணல் அட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். வண்டி விஷயம் சரி என்றார் அப்பா. அவள் மேல் தப்பில்லை என்றும் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்புறம், நீ எழுந்து நடக்க இன்னும் இரண்டு மாசம் ஆகும், கூடை தூக்க முடியுமா தெரியவில்லை, ஏலத்துக்கு யார் போவது, வாடிக்கையை யார் பார்ப்பது என்று கேட்டார். சின்னவள் பள்ளிக்கூடம் போகவேண்டாமா என்று என்னைக் காட்டினார். அவள் தப்புச் செய்தாள் என்பதால் படிப்பை நிறுத்தினார்கள். தப்பே இல்லை என்று ஆனதும் வேறொரு காரணம் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அம்மா மூன்று நாள் சோறு தின்னாமல் சண்டை போட்டாள். அப்பா அசையவில்லை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குடித்ததில்லை, அடித்ததில்லை. ஆனால் தன் மகளுக்குத் தானே வண்டி கற்றுக்கொடுத்ததை ஊரார் முன்னால் மறைத்த மனிதர், அதற்கப்புறம் அவள் முகத்தை நேராகப் பார்க்கவேண்டிய எந்த முடிவையும் எடுக்கவில்லை.

சந்திலும் கதை மாறவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் கூட ஒரு மாதத்தில் பழைய கதைக்கே திரும்பிப் போனார்கள். பெண் வண்டி எடுத்தாள், தாய்க்குக் கால் போனது. சொல்ல வசதியான கதை. குண்டு, கம்பி, குழி என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

போன ஆவணியில் மாமாவின் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மாமாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மண்டபத்து வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கியதைப் பார்த்து, பக்கத்திலிருந்த பையன்களிடம், எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள், வண்டி எடுத்து பெற்ற அம்மா காலை ஒடித்தாள் என்று சிரித்தார். நான் இலையிலிருந்து கையை எடுத்தேன். குண்டு இல்லாமல் மூடினது நீங்கள்தானே மாமா, எல்லோருக்கும் தெரியச் சொல்லுங்கள் என்றேன். என் குரல் அந்தப் பந்தி முழுக்கக் கேட்டிருக்கும். அவர் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அத்த வுடும்மா. அன்னிக்கு கடையில குண்டு கெடைக்கல. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

இதைத்தான் சொன்னார். ஒரு வாழ்க்கைக்கு அவரிடம் இருந்த பதில் அவ்வளவு. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அக்கா அடுத்த வரிசையில் பேரனுக்கு அப்பளம் நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். ஆட்டோவில் திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் பள்ளிக்கூடம் போனேன், படித்தேன், துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். என் ஒவ்வொரு வருஷத்துப் புத்தகமும் அவள் கூடையிலிருந்து வந்தது. அந்தக் கையை நான் எந்த முகத்தோடு பிடிப்பது?

அந்த நேர்காணல், அதே வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு. அம்மாவுக்குப் பதில் தினமும் ஏலத்துக்குப் போய்வந்த அக்கா அன்று போகவில்லை. குளித்தாள், தலையை இறுக்கப் பின்னிக்கொண்டாள், முந்தின நாளே மடித்து வைத்திருந்த நீலத் தாவணியைக் கட்டினாள். வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அட்டை பீரோ மேல்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை, கேட்கவுமில்லை. அப்பாவே எழுந்து எடுத்து வந்து கொடுக்கட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கே தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அப்பாவுக்கு அந்த வாரம் பொது ஷிப்ட். எட்டரை மணிக்கு அவர் அவளைத் தாண்டி வெளியே போனார். தார்ப்பாயை மடித்தார். வண்டியை அவரே கெட்டுப்போன முட்டியோடு நாலு முறை உதைத்தார், ஐந்தாவதில் கிளம்பியது. கிளட்ச்சைப் பிடித்தார், கியர் போட்டார். வெண்ணெயில் கத்தி இறங்கினது போல அது விழுந்தது. வண்டி துளி அசையாமல் நின்று, அவர் கையை விட்ட அளவுக்கு மட்டும் மெதுவாக நகர்ந்து, சந்து முனையில் திரும்பியது. அக்கா மூடிய அந்தக் கிளட்ச்சில் அதற்கப்புறம் எட்டு வருஷம் வேலைக்குப் போனார், ஒரு நாளும் யாரும் அதைத் திறக்கவேண்டி வரவில்லை.

அக்கா பத்து மணி வரை படியில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோவில் மணி சொன்னதும் உள்ளே போனாள். தாவணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். அம்மாவின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, சும்மாடு சுற்றி, கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள்.